திரும்பி வரும் மின்னஞ்சல்கள்: காரணம் எங்கே எழுதியிருக்கிறது?

(அறக்கட்டளையின் கல்வி உதவி, மருத்துவ உதவிக் குழுக்களின் தன்னார்வலர்களுக்கான பயிற்சி அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)





எனக்குத் தரப்பட்ட தலைப்பைப் பார்த்ததும், "இது கம்ப்யூட்டர் படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். மெயில் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். ஆனால் இன்று நான் பேசப்போவது சர்வர்களை வைத்திருப்பவர்களுக்காக அல்ல. அலுவலக மேஜையில் உட்கார்ந்து, கட்டணக் கடிதத்தையும் மருத்துவமனை மதிப்பீட்டையும் அனுப்பி, பெற்று, பதிவு செய்கிற உங்களுக்காக. மெயில் போகவில்லை என்பது முதலில் தெரியவருவது உங்களுக்குத்தான். அந்த நேரத்தில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள், யாரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு பிரச்சினை ஒரு மணி நேரத்தில் தீரும், அல்லது ஒரு மாதம் இழுக்கும்.

தபால்காரர் ஒரு கடிதத்தைக் கொடுக்க முடியாவிட்டால் என்ன செய்வார்? உறையின் மேலேயே எழுதிவிடுவார். "வீடு பூட்டியிருந்தது", "இந்த முகவரியில் இல்லை", "வாங்க மறுத்தார்." உறை நம் கைக்குத் திரும்பி வந்ததும் நாம் முதலில் படிப்பது அந்தப் பேனா எழுத்தைத்தான். மின்னஞ்சலும் அப்படித்தான் திரும்பி வருகிறது. "மெயிலர் டீமன்" என்றோ, "மெயில் டெலிவரி சப்சிஸ்டம்" என்றோ அனுப்புநர் பெயர் போட்டு ஒரு கடிதம் வரும். உள்ளே ஆங்கிலத்தில் பத்து இருபது வரிகள். பார்த்தவுடன் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அதை அழித்துவிட்டு, அதே கடிதத்தை மறுபடியும் அனுப்புகிறார்கள். அதுவும் திரும்பி வருகிறது. அப்புறம் எனக்குப் போன் வரும்: "பாய், மெயில் வேலை செய்யவில்லை." நான் கேட்கும் முதல் கேள்வி, "திரும்பி வந்த கடிதம் எங்கே?" பதில், "அதை அப்போதே டெலீட் செய்துவிட்டோமே!"

காரணம் எழுதிய உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடிதம் ஏன் திரும்பியது என்று கேட்பது போலத்தான் இது.

அந்த இருபது வரிகளில் நீங்கள் படிக்க வேண்டியது இரண்டே இரண்டு விஷயம். ஒன்று, எண். மற்றொன்று, அந்த எண்ணைச் சொன்ன இயந்திரத்தின் பெயர்.

எண்ணை முதலில் பார்ப்போம். ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் கடிதத்தைக் கொடுக்கும்போது இரண்டும் ஒரு முறைப்படி பேசிக்கொள்கின்றன. எஸ்.எம்.டி.பி. என்று அந்த முறைக்குப் பெயர். ஜான் போஸ்டெல் என்ற அமெரிக்க அறிஞர் 1982ல் அதற்கான விதிகளை எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் அடிப்படை அதுவேதான். "நான் இன்னார்", "இவரிடமிருந்து கடிதம்", "இவருக்குக் கடிதம்" என்று ஒருவர் சொல்லச் சொல்ல, எதிர்த்தரப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும். எண் 2ல் தொடங்கினால் சம்மதம். 4ல் தொடங்கினால் "இப்போது முடியாது, பிறகு வா." 5ல் தொடங்கினால் "முடியாது, திரும்ப வராதே."

இந்த 4க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால் படும் பாடு கொஞ்சமல்ல. 4 என்றால் நம் சர்வரே அந்தக் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போய்க் கதவைத் தட்டும். நான்கைந்து நாள்வரை முயன்று பார்க்க வேண்டும் என்பது விதி. இடையில் "இன்னும் சேரவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன்" என்று நமக்கு ஒரு தகவல் மட்டும் வரும். அது தோல்விக் கடிதம் அல்ல. அதைப் பார்த்துப் பதறி நாம் நான்கு முறை அனுப்பினால், எதிர்த்தரப்பின் கதவு திறந்ததும் நான்கு பிரதியும் போய் விழும். சில கல்லூரிகளின் சர்வர்கள், அறிமுகமில்லாத இடத்திலிருந்து முதல் தடவை கடிதம் வந்தால் வேண்டுமென்றே "பிறகு வா" என்று சொல்லும். ஸ்பேம் அனுப்புகிறவன் பெரும்பாலும் திரும்பி வரமாட்டான், உண்மையான சர்வர் வரும் என்ற கணக்கு. எனவே 4ஐப் பார்த்தால் பொறுத்திருங்கள். கடைசித் தேதி நெருக்கத்தில் இருந்தால் மட்டும் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

5 என்றால் காத்திருந்து பயனில்லை. அதன் அருகிலேயே புள்ளி வைத்த இன்னொரு எண் இருக்கும். அதுதான் காரணத்தை நெருங்கிச் சொல்வது. 5.1.1 என்றால் அந்தப் பெயரில் அங்கே பெட்டியே இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பி வழிகிறது. 5.7 என்று தொடங்கினால், ஆள் இருக்கிறார், பெட்டியிலும் இடம் இருக்கிறது, ஆனால் உங்களிடமிருந்து வாங்க மாட்டோம் என்று பொருள். தபால்காரர் எழுதும் அந்த மூன்று காரணங்களுக்கும் இவை ஏறக்குறையப் பொருந்தி வருவதைக் கவனியுங்கள்.

இரண்டாவது விஷயம், அந்த எண்ணை யார் சொன்னது? இதைத்தான் கணினி படித்தவர்களே பல நேரம் பார்க்கத் தவறுகிறார்கள். நம் அறக்கட்டளையில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். நிர்வாகிகளின் அனுமதியோடு சொல்கிறேன்.

நம் இணையதளமும் மின்னஞ்சலும் பல ஆண்டுகளாக ஒரே ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஒரே சர்வரில் இருந்தன. பிறகு மின்னஞ்சலை மட்டும் கூகுளுக்கு மாற்றினார்கள். இணையதளம் பழைய இடத்திலேயே இருந்தது. இப்படி மாற்றும்போது, டொமைனின் பதிவேட்டில் எம்.எக்ஸ். என்றொரு பதிவை மாற்ற வேண்டும். "இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை இந்த சர்வரில் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று உலகத்துக்கு அறிவிக்கும் பலகை அது. அதைச் சரியாகவே மாற்றியிருந்தார்கள். ஜிமெயிலிலிருந்து அனுப்பிப் பார்த்தார்கள், வந்தது. கைபேசியிலிருந்து அனுப்பிப் பார்த்தார்கள், வந்தது. வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள்.

அதே மாதத்தில் கல்வி உதவி விண்ணப்பங்களுக்கென்று புதிதாக ஒரு முகவரி தொடங்கி, இணையதளப் படிவத்தில் அதைப் போட்டார்கள். மாணவர்கள் படிவத்தை நிரப்பினார்கள். "உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது" என்று திரையில் வந்தது. அலுவலகத்துக்கு ஒன்றும் வரவில்லை. "இந்த வருடம் விண்ணப்பம் குறைவு" என்று பேசிக்கொண்டார்கள்.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் எழுத்தர் அம்மா. மாணவர்களின் மதிப்பெண் சான்று நகல்களை நமக்கு மூன்று முறை அனுப்பியிருக்கிறார், மூன்றும் திரும்பியிருக்கின்றன. நாம் அலுவலகத்தை மூடிவிட்டோமோ என்று சந்தேகப்பட்டுப் போன் செய்தார். நல்ல வேளையாக அவர் அந்தக் கடிதங்களை அழிக்கவில்லை. முழுதாக எனக்கு அனுப்பிவைத்தார்.

அதில் இருந்தது 550. "இங்கே அப்படி யாரும் இல்லை" என்ற வாசகம். ஆனால் முகவரி கூகுளில் இருக்கிறது, நானே திறந்து பார்த்தேன். அப்படியானால் "இங்கே" என்றால் எங்கே? அந்த வரியில் இருந்த இயந்திரத்தின் பெயர் கூகுளுடையது அல்ல. பழைய ஹோஸ்டிங் நிறுவனத்துடையது.

பள்ளியின் இணையதளமும் மின்னஞ்சலும் நம்முடைய இணையதளம் இருக்கும் அதே சர்வரில் இருந்தன. ஒரே கட்டடத்தில் இரண்டு குடித்தனம் மாதிரி. அந்த சர்வரின் அமைப்பில் நம் டொமைன் இன்னும் "உள்ளூர்" என்றே குறிக்கப்பட்டிருந்தது. உள்ளூர்க் கடிதத்துக்கு யாராவது வெளியே போய்ப் பலகையைப் பார்ப்பார்களா? பள்ளி கொடுத்த கடிதத்தை அது எம்.எக்ஸ். பதிவைப் பார்க்காமலேயே உள்ளுக்குள் தேடியது. அந்தப் புதிய பெயரில் அங்கே பெட்டி இல்லை. திருப்பிவிட்டது. நம் இணையதளப் படிவமும் அதே சர்வரிலிருந்துதான் கடிதம் அனுப்புகிறது. அதற்கும் அதே கதி. ஒரு வித்தியாசம்: படிவம் அனுப்பிய கடிதங்கள் திரும்பி வந்து விழுந்த இடம், அந்த சர்வரின் உள்கணக்குக்குரிய ஒரு பெட்டி. அப்படியொரு பெட்டி இருப்பதே அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. தலைவர், செயலாளர் என்ற பழைய முகவரிகளுக்கு அந்த சர்வரில் பழைய பெட்டிகள் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் போன கடிதங்கள் திரும்பக்கூட இல்லை. பழைய பெட்டியில் அமைதியாக விழுந்துகொண்டிருந்தன. அனுப்பியவர் சேர்ந்துவிட்டது என்று நினைத்தார். இவர்கள் வரவில்லை என்று நினைத்தார்கள். திரும்பி வரும் கடிதமாவது நம்மிடம் பேசுகிறது. இது பேசவே இல்லை.

சரிசெய்ய ஆன நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. சி-பேனல் வைத்திருப்பவர்கள் "ஈமெயில் ரூட்டிங்" என்ற பகுதியைத் திறந்தால் "லோக்கல்", "பேக்கப்", "ரிமோட்" என்ற தேர்வுகள் இருக்கும். மின்னஞ்சலை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு அது "ரிமோட்" என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான். வேறு மென்பொருள் வைத்திருக்கும் இடங்களிலும் இதற்கு இணையான ஓர் அமைப்பு இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில், "இந்த டொமைன்களுக்கு நானே கடைசி இடம்" என்று ஒரு பட்டியல் உண்டு. அதிலிருந்து பெயரை எடுக்க வேண்டும்.

உள்கணக்குப் பெட்டியைத் திறந்தபோது விண்ணப்பங்கள் அனைத்தும் அதில் இருந்தன. பெரும்பாலானவர்களுக்கு நேரம் இருந்தது. நர்சிங் முதலாண்டு சேரவிருந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் கட்டணத்தின் கடைசி நாள் கடந்துவிட்டிருந்தது. நம்மிடமிருந்து பதிலே வராததால், அவளுடைய தாயார் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்து, வட்டிக்குப் பணம் வாங்கிக் கட்டியிருந்தார். பிறகு நகையை மீட்க உதவி செய்தோம். ஆனால் "நாங்கள் கேட்டும் பதில்கூடச் சொல்லவில்லையே" என்று அந்த அம்மா சொன்னது அலுவலகத்தில் இருந்தவர்களை மிகவும் பாதித்தது. ஒரு பட்டனை மாற்றாமல் விட்டதன் விலை அது.

இதிலிருந்து சோதிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஜிமெயிலிலிருந்து வருகிறது, பள்ளியிலிருந்து வரவில்லை, நம் படிவத்திலிருந்தும் வரவில்லை என்றால், வராத இரண்டுக்கும் பொதுவானது எது என்று கேளுங்கள். "எனக்கு வருகிறதே" என்று ஒருவர் சொல்வதோடு சோதனையை முடித்துவிடாதீர்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து அனுப்பிப் பாருங்கள். நம் இணையதளப் படிவம் அதில் கட்டாயம் ஒன்றாக இருக்கட்டும்.

வெளியிலிருந்து நமக்கு வருவது இப்படி என்றால், நாம் அனுப்புவது ஏன் திரும்புகிறது? இங்கேதான் 5.7 வகை மறுப்புகள் அதிகம்.

மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். உறையின் பின்புறம் கலெக்டர் பெயரை எழுதிப் போட்டால் தபால் நிலையம் தடுக்கிறதா? அதே நிலைதான். இதைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறவர்கள் பெருகியதால் மூன்று பாதுகாப்புகள் வந்தன. எஸ்.பி.எஃப். என்பது, "எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டும் அனுமதி உண்டு" என்று டொமைன் பதிவேட்டில் நாம் எழுதி வைக்கும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது, ஒவ்வொரு கடிதத்திலும் நம் சர்வர் போடும் முத்திரை. முத்திரையைச் சரிபார்க்கும் சாவி பதிவேட்டில் எல்லோரும் காணும்படி இருக்கும். டி.மார்க். என்பது, இவற்றில் எதுவும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும், விட்டுவிடுவதா, ஸ்பேமில் போடுவதா, மறுப்பதா என்று நாம் சொல்லும் அறிவுரை. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இவற்றைக் கண்டிப்பாகக் கேட்கத் தொடங்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நம்மைப் போன்ற சிறியவர்களுக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது.

அறக்கட்டளைகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் சிக்கல், பல வாசல்களிலிருந்து கடிதம் போவது. அன்றாடக் கடிதங்கள் கூகுளிலிருந்தோ மைக்ரோசாஃப்டிலிருந்தோ போகும். இணையதளப் படிவம் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து அனுப்பும். நன்கொடை ரசீது அனுப்பும் மென்பொருள் தன் சொந்த சர்வரிலிருந்து அனுப்பும். ரமலான் வேண்டுகோளை மொத்தமாக அனுப்ப இன்னொரு சேவை. நான்குக்கும் நம் பெயர். ஆனால் எஸ்.பி.எஃப். பட்டியலில் எழுதியிருப்பது ஒன்றை மட்டும். மீதி மூன்றும் பிறர் கண்ணில் போலிகள்.

ஒவ்வொரு சேவையும் சேரும்போது, "இந்த வரியை உங்கள் டொமைனில் சேருங்கள்" என்று ஒரு எஸ்.பி.எஃப். வரியைக் கொடுக்கும். நம் ஆட்கள் அதைத் தனி வரியாகச் சேர்த்துவிடுவார்கள். இப்போது இரண்டு எஸ்.பி.எஃப். பதிவுகள். ஒரு டொமைனுக்கு ஒரு பதிவுதான் இருக்கலாம் என்பது விதி. இரண்டு இருந்தால் அது பிழையாகக் கருதப்பட்டு இரண்டுமே செல்லாமல் போகும். நேற்றுவரை சரியாகப் போன கடிதமும் இன்று திரும்பும். புதிய சேவையின் பெயரைப் பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த வரியைப் படிக்கும் சர்வர் மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய இடங்கள் 10ஐத் தாண்டினால் அதுவும் செல்லாது. ஆகவே பயன்படுத்தாத பழைய சேவைகளின் பெயர்களை நீக்கிவிடுங்கள்.

படிவங்களைப் பற்றி இன்னொன்று. விண்ணப்பிக்கும் மாணவரின் சொந்த முகவரியையே அனுப்புநராகப் போட்டு நமக்குக் கடிதம் அனுப்பும்படி பல படிவங்கள் எழுதப்பட்டிருக்கும். "பதில்" பட்டனை அழுத்தினால் நேராக மாணவருக்குப் போகும் என்ற வசதிக்காகச் செய்தது. ஆனால் ஒருவருடைய யாகூ முகவரியின் பெயரில் நம் இணையதள சர்வர் கடிதம் அனுப்பினால் அது யாகூவின் பார்வையில் போலி. 2014 ஏப்ரலில் யாகூ தன் டி.மார்க். அறிவுரையை "மறுத்துவிடு" என்று மாற்றியபோது, உலகமெங்கும் குழுக் கடிதங்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. ஏ.ஓ.எல். நிறுவனமும் அதே மாதம் அதையே செய்தது. சரியான முறை, அனுப்புநராக நம் சொந்த முகவரியைப் போட்டு, பதில் போக வேண்டிய முகவரி என்ற இடத்தில் மட்டும் மாணவரின் முகவரியைப் போடுவது. இணையதளம் செய்து தரும் தம்பியிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், அவருக்குப் புரியும்.

மொத்தமாக அனுப்புவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. கட்டணம் செலுத்தும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்கில் 2000. ரமலான் கடைசிப் பத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் ஒரே இரவில் அனுப்ப முயன்றால் கணக்கே ஒரு நாள் முடங்கும். அவசர மருத்துவக் கடிதமும் அதோடு நிற்கும். வேண்டுகோள்களுக்கு வேறு கணக்கோ வேறு சேவையோ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சர்வரில் ஒரு குறையும் இல்லை, 5.1.1 என்று வருகிறது. முகவரிதான் தவறு. இதில் நம் ஊர்களுக்கே உரிய ஒரு கதை இருக்கிறது. பிள்ளைகள் விண்ணப்பத்தை எங்கே போடுகிறார்கள்? பிரவுசிங் சென்டரில். முகவரி இல்லை என்றால் கடைக்காரரே ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிடுவார். பாஸ்வேர்ட் அவருக்குத்தான் தெரியும். சில நேரம் கடையின் சொந்த முகவரியையே பத்துப் பேருக்குப் போட்டுவிடுவார். நாம் அனுப்பும் கடிதம் திரும்பவும் செய்யாது, மாணவரைச் சேரவும் செய்யாது. ஆகவே விண்ணப்பம் வாங்கும் அன்றே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பி, "வந்ததா, திறந்து காட்டு தம்பி" என்று கேளுங்கள். எழுத்துப் பிழைகளும் அப்போதே பிடிபடும். ஜிமெயில் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனால் அது வேறொருவரின் டொமைனாக இருக்கக்கூடும். அப்படியானால் ஒரு மாணவியின் ஆதார் நகல் யாருக்கோ போகிறது என்று அர்த்தம்.

பழைய மாணவர்களின் பட்டியலுக்கு அனுப்புவோர் கவனிக்க: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கி வருகிறது. பெட்டி நிரம்பியது என்று வருவதற்கும் காரணம் எளிது. இலவசமாகத் தரப்படும் 15 ஜி.பி. என்பது கடிதங்களுக்கு மட்டுமல்ல, புகைப்படங்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதில் சேர்ந்துவிட்டது. மாணவரைக் கூப்பிட்டு இடத்தைக் காலி செய்யச் சொல்வதைத் தவிர நம் சர்வரில் செய்ய ஒன்றுமில்லை. திரும்பிய முகவரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாத முகவரிகளுக்கே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தால் பெரிய நிறுவனங்கள் நம்மையும் ஸ்பேம் ஆள் என்று எண்ணிவிடும்.

எடையும் ஒரு காரணம். ஜிமெயில் 25 எம்.பி. வரைதான் அனுப்பும். இணைப்புக் கோப்பு, அனுப்பப்படும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருக்கும். 20 எம்.பி. ஸ்கேன் கோப்பு எல்லையைத் தொடுவது அதனால்தான். மருத்துவ அறிக்கைகளை ஸ்கேன் செய்யும்போது தெளிவு கெடாத அளவுக்குக் குறைத்து எடுங்கள்.

இனி, திடீரென்று எல்லாக் கடிதமும் எல்லா இடத்துக்கும் திரும்பினால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, நம் இணையதளத்துக்குள் எவனோ புகுந்து, நம் சர்வரிலிருந்து ஆயிரக்கணக்கில் ஸ்பேம் அனுப்பியிருக்கலாம். அப்போது ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்களில் சர்வரின் எண் ஏறிவிடும். திரும்பிய கடிதத்தில் அந்தப் பட்டியலின் பெயரே எழுதியிருக்கும். பெயரை நீக்கக் கோரி விண்ணப்பிப்பதற்கு முன் புகுந்த ஓட்டையை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே திரும்ப ஏறும். ஹோஸ்டிங் சர்வரைப் பலரோடு பகிர்ந்திருந்தால் பக்கத்துக் குடித்தனக்காரர் செய்ததற்கு நாமும் மாட்டிக்கொள்வோம்.

இரண்டாவது சந்தேகம் மிகச் சாதாரணமானது. டொமைனின் ஆண்டுக் கட்டணம் கட்டவில்லை. ஒரு சிறு தொகைதான். ஆனால் யார் பெயரில் பதிவானது? எட்டு வருடங்களுக்கு முன் இணையதளம் செய்து கொடுத்த ஒருவரின் சொந்தப் பெயரில், அவருடைய பழைய கைபேசி எண்ணில். நினைவூட்டல் அவருக்குப் போகிறது. அவர் வளைகுடாவில் இருக்கிறார், எண் மாறிவிட்டது. நிர்வாகக் குழு மாறும்போது வங்கிக் கணக்கின் கையெழுத்தை மாற்றுகிறோம், சாவிக்கொத்தை எண்ணி வாங்குகிறோம். டொமைனின் பாஸ்வேர்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பதிவு அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். நினைவூட்டல் இரண்டு பேருக்காவது வர வேண்டும், அதில் ஒரு முகவரியாவது அந்த டொமைனைச் சாராததாக இருக்க வேண்டும். டொமைன் முடங்கினால் அதன் முகவரிக்கு நினைவூட்டல் வராது அல்லவா?

உதவி கேட்கும்போது எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ட்ரே ஹாரிஸ் என்ற அமெரிக்க சர்வர் நிர்வாகி 2002ல் எழுதியது. அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறைத் தலைவர் போன் செய்து, "எங்கள் மெயில் 500 மைலுக்கு மேல் போவதில்லை" என்றாராம். மின்னஞ்சலுக்கு ஏது மைல் என்று இவருக்குச் சிரிப்பு. ஆனால் அவர்கள் புள்ளியியல்காரர்கள், எந்த ஊருக்குப் போகிறது, எதற்குப் போகவில்லை என்று கணக்கெடுத்திருந்தார்கள். சோதித்தால் உண்மைதான். யாரோ சர்வரைப் புதுப்பித்தபோது மெயில் மென்பொருள் பழைய பதிப்புக்குப் போய்விட்டது. புதிய பதிப்புக்கான அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை. எதிர்த்தரப்பின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் பூஜ்ஜியமாகிவிட்டது. நடைமுறையில் அது மூன்று மில்லி விநாடி. அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் சுமார் 558 மைல்! "மெயில் வேலை செய்யவில்லை" என்று மட்டும் அவர்கள் சொல்லியிருந்தால் அவர் எத்தனை நாள் தேடியிருப்பாரோ.

நீங்கள் அளந்து சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்த கடிதத்தை முழுதாக, தலைப்பிலிருந்து கடைசி வரிவரை அனுப்புங்கள். பாதி திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்கு வேண்டிய வரி மட்டும் அதில் இருக்காது! யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை, எப்போதிலிருந்து, அதற்கு முந்தைய வாரத்தில் எதையாவது மாற்றினீர்களா என்பதையும் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "ஒன்றும் மாற்றவில்லை" என்றுதான் பதில் வரும். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் ஏதாவது இருக்கும்.

முன்வரிசையில் ஒரு சகோதரி, "இவ்வளவு தொல்லை எதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் என்ன?" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நியாயமான கேள்வி. மாணவரிடம் பேச அது போதும், நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் கல்லூரி கணக்குப் பிரிவும், மருத்துவமனையின் மதிப்பீட்டுப் பிரிவும், நம் தணிக்கையாளரும் நம் டொமைனிலிருந்து வந்த கடிதத்தைத்தான் கோப்பில் வைக்கிறார்கள். அது போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதற்காக அலுவலகத்தில் இன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம்: திரும்பி வரும் எந்தக் கடிதத்தையும் அழிக்காமல் "திரும்பியவை" என்ற தனி அடைவுக்கு நகர்த்த வேண்டும். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை லுஹருக்குப் பின், கல்விக் குழுவில் ஒருவரும் மருத்துவக் குழுவில் ஒருவரும் அதைத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணையும் சர்வரின் பெயரையும் நோட்டில் எழுத வேண்டும். பழைய ஹோஸ்டிங்கின் உள்கணக்குப் பெட்டியையும் அதே நேரத்தில் திறந்து பார்க்க வேண்டும். முதல் சனிக்கிழமை நானும் கூட உட்காருகிறேன், இன்ஷா அல்லாஹ்.